மான் மேல் போட்ட பழி

தம்பலகாமத்தில் எங்களிடம் இருந்தது ஒரே ஒரு பசு. தாடைக்குக் கீழே வீங்கித் தொங்க, எலும்பும் தோலுமாகி அது செத்தது. அதே வீக்கம் போடியாரின் மாடுகளிலும் இருந்தது. ஊரில் பாதி வயல் அவருடையது. அந்தப் பட்டியைத்தான் நாள் முழுக்க எங்கள் பசு மேய்ந்து தண்ணீர் குடித்த சின்னக்குளத்தில் இறக்கி விட்டிருந்தார்.

வீக்க வருத்தம் பிடித்த மாடுகளைக் குளத்துக்கு விடவேண்டாம் என்று கேட்கப் போனேன். கதிரையை விட்டு அவர் அசையவில்லை.

"காட்டு மான் கொண்டுவாற வருத்தம், பிள்ளை. நியாயம் வேணுமெண்டால் போய் மானிட்டக் கேள்."

சுற்றி நின்ற ஆட்கள் சிரித்தார்கள்.

அடுத்த கிழமையே குளத்துக்கு வரும் மான்களைச் சுட ஆள் வைத்தார். முதலில் விழுந்த மானின் ஈரலை அறுத்தபோது இலை போலத் தட்டையான பூச்சிகள் நெளிந்தன. அதை ஊருக்கே காட்டி, தான் சொன்னது சரியென்றார். நான் அதில் ஒரு துண்டை வாழையிலையில் சுற்றிக்கொண்டு, பஸ் ஏறித் திருகோணமலைக்கு, மிருக வைத்தியரிடம் போனேன்.

மாட்டுக்கும் வருகிற ஈரல் பூச்சிதான் அது என்றார். சாணத்தோடு முட்டை தண்ணீருக்குள் போகும், நத்தைக்குள் வளரும், பிறகு கரைப்புல்லில் ஒட்டியிருந்து மேய்கிற எதற்குள்ளும் போகும்.

"ஆர் ஆருக்குக் குடுத்ததெண்டு இதை மட்டும் வைச்சுச் சொல்லேலாது. மாடு போகாத காட்டில இருக்கிற மானையும் பாக்கவேணும்."

உட்காட்டில் சுடப்பட்ட இரண்டு மான்களின் ஈரல்களை என் தம்பி தேடிக் கொண்டுவந்தான். ஒரு பூச்சிகூட இல்லை. வைத்தியர் ஊருக்கு வந்து போடியாரின் பட்டிச் சாணத்தை எடுத்துப்போய் நுணுக்குக்காட்டியில் பார்த்தார். எல்லாம் முட்டை. மருந்து கொடுத்து முடியும்வரை பட்டி குளத்தில் இறங்கக்கூடாது, விற்கவும் கூடாது என்று உத்தரவு வந்தது. மாடு வாங்க வந்த கிண்ணியா வியாபாரி வெறும் லொறியோடு திரும்பினார்.

அந்த நேரம் பார்த்து நான் போடியாரின் முற்றத்துக்குப் போனேன். அதே ஆட்கள் நின்றார்கள்.

"மானிட்டக் கேட்டனான், போடியார். அது உங்கட பட்டியைத்தான் காட்டினது."

ஒருவரும் சிரிக்கவில்லை. அவர் முகம் கறுத்ததை ஆசை தீரப் பார்த்தேன்.

மருந்து பிந்திப்போய், அவருடைய மாடுகள் பல அடைத்த இடத்திலேயே விழுந்து செத்தன. வாயில்லாச் சீவன்களுக்காக மனம் நொந்தது. அவருக்காக இல்லை.

சில மாதம் கழித்து, செத்த எங்கள் பசுவுக்கு ஈடாகப் போடியார் ஒரு நாகு கன்றை, பெண் கன்றை, வேலையாளிடம் அனுப்பியிருந்தார். பிள்ளைகளுக்குப் பாலாகுமே, வைத்திருப்போம் என்றார் என் கணவர். நானே அதை நடத்திக்கொண்டு போய்ப் போடியாரின் படலையில் கட்டிவிட்டு வந்தேன். கணவர் இரண்டு நாள் வெறும் கொட்டிலைக் காட்டிக் காட்டி ஏசினார். பிள்ளைகளுக்குப் பாலில்லாத வெறும் பிளேன்ரீதான். எனக்கு அது இனித்தது.