திருப்பி வாங்கிய மாப்பேணி

யுத்த காலத்தில் ஷெல் விழுந்து எங்கள் வீடு உடைந்த பிறகு, நானும் மனைவியும் கப்பல்துறை என்ற ஊரில், நான் வேலை செய்த கந்தோர் தந்த சில்லு வைத்த கரவன் வண்டிக்குள் குடியிருந்தோம். அதற்குள் கரப்பான் பூச்சித் தொல்லை தாங்க முடியவில்லை. கோதுமை மாவில் சீனியும் போரிக் பவுடரும் கலந்து மூலைகளில் தூவினேன். மிச்சத்தை வெறும் பால்மாத் தகரப் பேணியொன்றில் போட்டு, மற்ற மாப் பேணிகளோடு வைத்தேன். மனைவியிடம் சொல்லவில்லை.

மறுநாள் வேலையால் வந்தபோது அந்தப் பேணியைக் காணவில்லை.

"கிளிவெட்டிச் சனம் இடம்பெயர்ந்து பள்ளிக்கூடத்தில இருக்குதுகள். ஒரு பேணி மா குடுத்தனான்" என்றாள் மனைவி.

பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன். அங்கே ஒரு பெண் ரொட்டிக்குக் குழைக்க அந்தப் பேணியைத் திறந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் மூன்று பிள்ளைகள் பசியோடு இருந்தார்கள்.

"தங்கச்சி, அதைத் திருப்பித் தாங்கோ."

"ஏன் ஐயா? அம்மா உங்களைக் கேளாமல் தந்திட்டாவோ?"

நஞ்சு என்று சொன்னால் வேண்டுமென்றே கொடுத்ததாக நினைப்பார்களோ என்று குழம்பிப்போனேன். "ஓம்" என்றேன்.

"பரவாயில்லை, உங்களுக்கும் கஷ்டம்தானே" என்று பேணியை மூடித் தந்தாள்.

விடிந்ததும் நல்ல மாவோடு போனேன். அவர்களை வேறெங்கோ ஏற்றிப் போயிருந்தார்கள்.

படித்தவன் நான். உண்மை ஏன் வாயில் வரவில்லை என்று இன்றும் விளங்கவில்லை. இப்போது பூச்சி மருந்தைச் சமையல் சாமான்களோடு குசினிக்குள் வைப்பதில்லை. பெயர் எழுதி, வீட்டில் எல்லோருக்கும் காட்டிவிட்டே வைக்கிறேன்.

தங்கச்சி, இதை வாசித்தால் அறிந்துகொள்ளுங்கள்: என் மனைவி மனதாரத்தான் தந்தாள். அந்த மாவில் நஞ்சு கலந்து வைத்திருந்தவன் நான்.