சேசிஸில் விழுந்த ஓட்டை

அங்கமுத்து இறந்த இருபத்து மூன்றாம் நாள், அவர் மகள் இனியா ஒரு புது லாரிக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தாள். டார்ச் வெளிச்சத்தில் ஓர் ஓட்டை தெரிந்தது. பன்னிரண்டு மில்லிமீட்டர். வண்டியின் அடிச்சட்டமான சேசிஸின் கீழ் விளிம்பில், இருக்கவே கூடாத இடத்தில். பட்டி வைத்து அடைத்து, மேலே கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தார்கள்.

லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகளில் சின்னப் பையனுக்கும் தெரிந்த விதி இது. லாரிக் கம்பெனி அனுப்பும் சேசிஸில் துளை போடக் கூடாது. பாடியை, சட்டத்தைச் சுற்றிப் பிடிக்கும் யூ போல்ட் கொண்டுதான் இறுக்க வேண்டும். துளை விழுந்த இடத்தில் பாரம் ஏறினால் விரிசல் கிளம்பும்.

இனியா மெக்கானிக்கல் இன்ஜினியர். ஓசூரில் ஆறு வருடம் தரக்கட்டுப்பாட்டில் இருந்தவள். அப்பா போனதும் நாமக்கல்லுக்குத் திரும்பிப் பட்டறையை ஏற்றிருந்தாள். அழுவதற்கு நேரம் ஒதுக்கவில்லை. வேலை இருந்தது.

எட்டு ஆட்களையும் கூப்பிட்டு நிறுத்தினாள்.

"யார் போட்டது?"

ட்ரில்லிங் பார்க்கும் சின்னான், ஐம்பத்தைந்து வயதுக்காரர், துணியால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"பேரு தெரியாம விடமாட்டேன். போட்டவர் யாரோ அவர் நாளைக்கு வேலைக்கு வர வேண்டாம்."

மேஸ்திரி தமிழரசு அவளைத் தனியே அழைத்துப் போனார். "அம்மிணி, யாருன்னு உங்கப்பா கேக்கவே மாட்டாருங்க."

"கேக்காம எப்படிங்கண்ணா? காரணம் தெரியலைன்னா அடுத்த வண்டியிலயும் இதே ஓட்டை விழும்."

"உழுவாதுங்க. அதெப்படின்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது."

அங்கமுத்து வெல்டிங் கூலியாகத் தொடங்கியவர். முப்பதாம் வயதில் கிறிஸ்தவரானார். ஞானஸ்நானத்துக்கு வேறு பேர் வைக்கலாம் என்ற போதகரிடம், "எங்கப்பன் வெச்ச பேருங்க. இயேசுசாமிக்கு என்னைய இந்தப் பேர்லயே தெரியுமுங்க" என்று சொல்லிவிட்டார். ஆட்கள் யாரையும் ஆலயத்துக்கு வா என்று அழைத்ததில்லை. ஆனால் ராஜாதி ராஜா என்று தான் கும்பிடுகிற ஒருவர், இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு தன் ஆட்களின் காலைக் கழுவினார் என்ற செய்தி அவரைத் தூங்கவிடவில்லை. ராஜாவே அப்படியென்றால் பட்டறைக்காரன் எப்படி இருக்க வேண்டும்?

ஒருநாள் வேலை முடிந்து ஆட்கள் கை கழுவப் போனபோது, அவர் வாளிப் பக்கத்தில் தண்ணீர் மொள்ளும் மக்கோடு நின்றார். தமிழரசு பின்வாங்கினார்.

"ஓனரு தண்ணி ஊத்தி நாங்க கழுவறதுங்களா?"

"காலைக் கழுவலாம்னுதானப்பா இருந்தேன். தெறிச்சு ஓடிருவீங்கன்னு கையோட நிறுத்திக்கிட்டேன்."

பத்தொன்பது வருடம், தினமும் ஆறு மணிக்கு, கிரீஸ் பிடித்த கைகளுக்கு அவர்தான் தண்ணீர் ஊற்றினார். பள்ளி நாட்களில் டியூஷன் விட்டு வரும்போது இனியா அதைப் பார்த்திருக்கிறாள். கூட வரும் தோழிகள் பார்த்துவிடக் கூடாதே என்று வேகமாக நடந்திருக்கிறாள். இப்போது அந்த வாளி இருபத்து மூன்று நாளாகக் கவிழ்ந்து கிடந்தது. மக்கின் உடைந்த கைப்பிடியில் அப்பா சுற்றிய கம்பி அப்படியே இருந்தது. அதன் பக்கம் அவள் போவதில்லை.

நாலு மணிக்கு வண்டி எடுக்கக் கந்தப்பன் வருவார். கோழித்தீவன லாரிகள் வைத்திருப்பவர். அவருடைய இன்னும் இரண்டு சேசிஸ் பாடி கட்டக் காத்து நின்றன. அவற்றை அவர் ஓட்டிக்கொண்டு போய்விட்டால் பாதி ஆட்களுக்கு வேலை இல்லை. சொல்ல வேண்டியதை இனியா மனதுக்குள் தயார் செய்திருந்தாள்: 'ஒரு ஆள் தப்புப் பண்ணிட்டாருங்க. அவரை நிறுத்திட்டேன்.'

கந்தப்பன் மாலையும் எலுமிச்சம்பழமுமாக வந்து இறங்கினார். "ஏஞ்சாமி, வண்டி ரெடிங்களா?"

"ரெடி இல்லீங்க. சேசிஸ்ல ஓட்டை போட்டுட்டோம்."

அவர் முகம் மாறியது. குனிந்து பார்த்து நிமிர்ந்தார். "எவன் போட்டான்? கூப்புடு அவனை."

பின்னால் ட்ரில் சத்தம் நின்றது. தயார் செய்த வாக்கியம் நாக்கு நுனி வரை வந்தது. சொல்லியிருந்தால் அவரும் ஓரளவு சமாதானமாகியிருப்பார்.

"யாரு கை போட்டிருந்தாலும் பதில் சொல்ல வேண்டியது நானுங்க. பட்டறை என்னுது. கம்பெனி இன்ஜினியர் வந்து பாத்து, அவர் சொல்ற மாதிரி சரி பண்ணி, எழுதிக் குடுத்தாத்தான் வண்டி வெளிய போகும். சேசிஸையே மாத்தோணும்னாலும் என் செலவு."

"நல்ல நாள் பாத்து மாலையெல்லாம் வாங்கிட்டு வந்திருக்கறேன், வெளையாடறியா?"

"இல்லீங்க."

அவர் கத்தினார். அவள் நின்று கேட்டுக்கொண்டாள். கடைசியில் டிரைவரைக் கூப்பிட்டு ஒரு சேசிஸை எடுக்கச் சொன்னார். இன்னொன்றைப் பார்த்து, "அது கெடக்கட்டும். முதல்ல இதைச் சரி பண்ணு, பாக்கலாம்" என்று கிளம்பினார்.

காத்திருந்த வேலையில் பாதி போயிற்று. இனியா மறுபடி லாரிக்கு அடியில் போய், ஓட்டையில் இருந்த பட்டியைச் சுரண்டத் தொடங்கினாள். கொஞ்ச நேரத்தில் பக்கத்தில் யாரோ வந்து படுக்கும் சத்தம். சின்னான்.

"நாந்தானுங்க அம்மிணி."

அவள் சுரண்டுவதை நிறுத்தவில்லை.

"மேல பாடிச் சட்டத்துல போடோணும்னு மார்க் பண்ணியிருந்தாங்க. எனக்குப் போன தீவாளியில இருந்தே ரெண்டு கண்ணும் பொகையாத் தெரியுதுங்க. வெளிய சொன்னா வேலைய உட்டு நிறுத்திருவீங்களோன்னு நாந்தான் பட்டி வெச்சு மூடிட்டேன். கண்ணைப் பத்தி உங்கப்பாகிட்டச் சொல்லலாம்னு இருந்தேன். அதுக்குள்ள அவரு போயிட்டாரு."

காலையில் எட்டுப் பேரை நிறுத்திக் கேட்டுக் கிடைக்காத காரணம் இது. இனியா டார்ச்சை அணைத்தாள். இருட்டில் அழுவது சுலபமாக இருந்தது.

"நாளைக்குக் கண்ணாஸ்பத்திரி போறோம். நானும் வாரேன். கண்ணு தெளியற வரைக்கும் நீங்க ட்ரில் தொட வேண்டாம், பெயின்ட் ஸ்டோர் பாத்துக்குங்க."

"சரீங்க."

"காலையில நான் பேசுனது தப்புங்க. எல்லார் முன்னாடியும் பேசுனேன். எல்லார் முன்னாடியும் சொல்லிர்றேன்."

ஆறு மணிக்கு அவள் வாளியை நிமிர்த்தினாள். உள்ளே சிலந்தி வலை. கழுவி, நிரப்பி, மக்கை எடுத்தாள். கம்பி உள்ளங்கையில் குத்தியது. சொல்ல வேண்டியதைச் சொன்னாள். ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஏனுங்க நிக்கறீங்க, வரிசையா வாங்க" என்றார் தமிழரசு. "அம்மிணி கையைத்தானே கழுவுது, காலையா புடிக்குது."

முதலில் சின்னான் வந்து கைகளை நீட்டினார். தண்ணீர் விழும் இடம் அவருக்குத் தெரியவில்லை. கை ஒரு சாண் தள்ளி நின்றது. இனியா மக்கை அவர் கைக்கு நேராக நகர்த்தினாள்.