ஆறு விட்டுப்போன உர்கெஞ்ச்

பெரியப்பாவோடு எனக்குப் பேச்சு அற்றுப்போனது உடுமலைப்பேட்டையில், அவர் பேத்தியின் காதுகுத்து விசேஷத்தில்.

நான் உஸ்பெகிஸ்தானில், உர்கெஞ்ச் என்ற ஊரில் மருத்துவம் படித்தவள். இங்கே தொழில் செய்வதற்கு எழுத வேண்டிய தேர்வில் முதல் தடவை தோற்றிருந்தேன். அது சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். மண்டபத்தில் சாப்பிட்டுக் கை கழுவி வந்ததும், நாலு பேர் சூழ உட்கார்ந்திருந்த பெரியப்பா கூப்பிட்டார்.

"ஏனுங்க டாக்டரம்மா, இப்படி வாங்க. பரிச்சை என்னாச்சுங்க?"

எங்கள் பக்கத்தில் வைவதற்கும் 'ங்க' உண்டு. அதுவரை என்னைக் 'கண்ணு' என்றே கூப்பிட்டவர் அவர்.

"மறுபடி எழுதறனுங்க பெரியப்பா."

"அது கெடக்குது. அந்த ஊரு வெறும் பாலைவனமாமா? நம்மூருல சீட்டு கெடைக்காதவீங்களுக்குன்னே கட்டி வெச்சாப்பல இருக்குது."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். அதுதான் என்னைச் சுட்டது.

உட்காராமல் நின்றபடியே சொன்னேன். பழைய உர்கெஞ்ச் இப்போது எல்லைக்கு அப்பால், துர்க்மெனிஸ்தானில் இடிபாடாகக் கிடக்கிறது. ஆமூ தாரியா ஆற்றை நம்பி வாழ்ந்த பெரிய வணிக நகரம் அது. கணிதமும் வானியலும் கற்றவர்கள் அரசவையில் இருந்தார்கள். மங்கோலியப் படை ஊரை அழித்து, ஆற்று வெள்ளத்தையும் அதன்மேல் திறந்துவிட்டது. மறுபடி எழுந்தது. சமர்கண்டிலிருந்து வந்த மன்னன் தரைமட்டமாக்கினான். அப்போதும் கொஞ்சம் எழுந்தது. பிறகு ஆறு திசை திரும்பியது, கால்வாய்கள் வறண்டன. தண்ணீரைத் தேடி வந்த சனங்கள் கட்டியதுதான் நான் படித்த ஊர். எனக்கு அறை வாடகைக்குக் கொடுத்திருந்த அம்மாள் ரொட்டியைப் பிய்த்து வைத்துக்கொண்டே, நேற்று நடந்ததுபோல இதைச் சொல்லுவாள்.

"அப்பறம் என்ன? தண்ணி போன ஊருதானே?" என்றார் பெரியப்பா.

அவருக்குத் திருப்பூர்ப் பக்கம் சாயப்பட்டறை.

"அவங்க ஆறு தானாத் திரும்பிப் போச்சுங்க. நம்ம நொய்யல் எங்கயும் போகலீங்க. நீங்க உட்ட சாயத்தோட அங்கயேதான் கெடக்குது."

பெரியப்பா எழுந்துகொண்டார்.

"என்ற ஊட்டு விசேஷத்துல வந்து என்னையே பேசறியா? வெளிய போ."

அப்பா என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார். "காலுல உழுந்து மன்னிப்புக் கேட்டுப்போடு."

"வேணும்னா நீங்க கேளுங்கப்பா."

அவர் கேட்டார். அத்தனை பேர் முன்னாலும் அண்ணனிடம் கைகூப்பிக் கேட்டார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு, வெயிலில் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். வழியெல்லாம் பெரியப்பாவைவிட அப்பாவின் மேல்தான் ஆத்திரம் பொங்கியது.

அடுத்த தடவை தேறினேன். இப்போது சூலூரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறேன். பெரியப்பா வீட்டு அழைப்பு அப்பாவுக்கும் அம்மாவுக்கும் மட்டும் வருகிறது. இருவரும் தவறாமல் போகிறார்கள். போன தை மாதம் போய்த் திரும்பிய அப்பா, "நீ வந்து ஒரு வார்த்தை கேட்டாப் போதும், மறந்துபோடறேன்னு அண்ணன் சொல்றாரு" என்றார்.

நான் டிவி சத்தத்தைக் கூட்டினேன்.