சடையன் பல் செட்டு மீட்புப் போராட்டம்

போராட்டத் தொழிலில் தடியடியைத் தாங்கிவிடலாம், சிறையையும் தாங்கிவிடலாம்; கூட வந்த தோழருக்கு வயிறு வலித்தால்தான் நம் கதை கந்தலாகிவிடும். கோஷம் போட்டுத் தொண்டை கட்டிய தோழர்களே, உங்களுக்காவது இது புரியும்.

பறிபோன பற்கள்

கல்வராயன் மலைக்கு ஆபரேஷன் செய்யும் டாக்டர் கேட்டுக் கள்ளக்குறிச்சியில் மறியல் செய்தோம். எங்கள் கோஷக்காரர் சடையன், மலைக்காரர். மேல்வரிசையில் மூன்று பற்களுடன் கம்பியில்லாத பிளாஸ்டிக் செட்டு போட்டிருந்தார். போலீஸ் வேனில் ஏற்றும்போது தள்ளுமுள்ளு. உள்ளே உட்கார்ந்ததும் யாரோ நீட்டிய பாட்டில் தண்ணீரை மடமடவென்று குடித்தார். கல்யாண மண்டபத்தில் இறங்கிப் பார்த்தால் செட்டைக் காணோம்.

விடுவேனா? ‘பற்களைப் பறித்தவர்களே, பதில் சொல்லுங்கள்!’ என்று துண்டறிக்கை அடித்து ஊரெல்லாம் கொடுத்தேன்; ஸ்டேஷனில் புகாரும் கொடுத்தேன். எங்களை வேனில் ஏற்றிய ஏட்டு துண்டறிக்கையைப் படித்துவிட்டுச் சொன்னார்: “ஐயா, என் பல்லே ஆடிக்கினு கீது. அவுரு பல்ல வெச்சி நான் இன்னா பண்றது?”

டாக்டர்களின் தீர்ப்பு

சில நாளில் சடையனுக்கு வயிறு உப்பியது. ஓயாத வாந்தி, காற்றுகூடப் பிரியவில்லை. முதலில் பார்த்தவர் வயிற்றில் கையே வைக்காமல், வாயு என்று மாத்திரை கொடுத்தார். அடுத்தவர் எக்ஸ்ரே எடுத்துக் குடல் அடைத்திருக்கிறது என்றார். எதனால் என்று படத்தில் தெரியவில்லை. பழைய ஆபரேஷன் தழும்பு இல்லை, குடலிறக்கமும் இல்லை. என் தோளில் கிடந்த சிவப்புத் துண்டைப் பார்த்ததும் அவருக்கு ஞானம் பிறந்தது. உண்ணாவிரதம் இருந்து குடல் சுருங்கிவிட்டதாம்.

முனகலுக்கு நடுவே சடையன் சொன்னார்: “சார், உண்ணாவிரதம் அடுத்த மாசந்தாங்க.”

கொள்கையும் குடலும்

கள்ளக்குறிச்சி பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர் ஸ்கேன் எடுத்தார். சிறுகுடலில் ஓரிடத்தில் ஏதோ சிக்கியிருக்கிறது, தாமதித்தால் குடல் அழுகி உயிருக்கே ஆபத்து என்றார். பனங்கிழங்கு நாரா, பழக்கொட்டையா, எதை முழுங்கினீர்கள் என்று கேட்டார். சடையன் என்னைப் பார்த்தார். அவர் மனைவி பாக்கியம்தான், “பல்லு செட்டக் காணோம் மேடம்” என்றாள்.

“அது காவல்துறை வசம் இருக்கிறது” என்று நான் டாக்டரிடம் துண்டறிக்கையை நீட்டினேன். அவர் அதை வாங்காமலே, வெறும் பிளாஸ்டிக் எக்ஸ்ரேயில் தெரியாது என்றார். சடையனோ, தோழர் எழுதினால் சரியாகத்தான் இருக்கும் என்று ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட மறுத்தார்.

பாக்கியம் என் பக்கம் திரும்பினாள்: “அண்ணே, நோட்டீசு போனா வேற அடிச்சிக்கலாம். எனுக்கு வேற புருசன எந்த பிரஸ்ல அடிச்சிக் குடுப்ப?”

சடையன் கையெழுத்துப் போட்டார். பேனா கொடுத்தது நான்தான்.

ஒப்படைப்பு

ஆபரேஷன் முடிந்து, டாக்டர் எவர்சில்வர் தட்டில் செட்டைக் கொண்டுவந்து காட்டினார். மூன்று பற்களும் பத்திரம். என் புகாரை விசாரிக்க அந்த ஏட்டும் அப்போதுதான் வந்து சேர்ந்தார். தட்டை எட்டிப் பார்த்தார், என்னைப் பார்த்தார், புகாரை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். என் வாழ்நாளில் போலீஸ் கொடுத்த மோசமான அடி அதுதான்.

மறுநாள் கண் தெளிந்த சடையன் தட்டைக் காட்டிச் சொன்னார்: “நல்லாக் கழுவி வைங்க தோழர். மறியலுக்கு வேணும்.”

மலைக்கு டாக்டர் இன்னும் வரவில்லை. நாங்கள் நடத்திய போராட்டங்களிலேயே கோரிக்கை முழுசாக நிறைவேறியது இந்த ஒன்றில்தான்.