கோந்துவின் குமிழ்

மேடையை விட்டு இறங்கி நடந்ததுதான் கோந்து செய்த தப்பு. பேசாமல் மேலேயே நின்றிருந்தால் மனிதர் கடைசி மூச்சு வரைக்கும் நிம்மதியாக இருந்திருப்பார்.

கோந்து என்பது பட்டப்பெயர். வாரத்தில் ஐந்தரை நாள் அவர் லிஃப்ட் மெக்கானிக். அடுக்குமாடிக் கட்டடங்களின் உச்சியில், மோட்டார் இருக்கும் சின்ன அறைக்குள் குனிந்து புகுந்து, கிரீஸும் வியர்வையுமாக வெளியே வருவார். மிச்சமிருக்கும் ஒன்றரை நாளில் 'கருந்துரு' என்ற ஹெவி மெட்டல் குழுவில் பேஸ் கிடார் வாசிப்பார். பேஸ் என்றால் நாலு தடிக்கம்பிகள் உள்ள கிடார். அதன் சத்தம் காதைவிட வயிற்றில்தான் நன்றாகத் தெரியும். மற்ற கிடார்களும் டிரம்ஸும் பாடகரின் கத்தலும் சேர்ந்து அடிக்கிற கூத்தில் பேஸ் வாசிக்கிறவனை யாருக்கும் கேட்காது என்று உலகம் பூராவும் கிண்டல் உண்டு. அந்தக் கிண்டலை கோந்துவிடம் செய்தவர்கள் இரண்டாம் முறை செய்ததில்லை. மனிதருக்கு மூக்கின் மேல் கோபம் வந்துவிடும்.

இருபது வருஷத்துக்கு முன்னால் ஒரு கார் ரிப்பேர் ஷெட்டில் ஆரம்பித்த குழு அது. ஆரம்பித்த நாலு பேரில் மிச்சம் இருப்பது இரண்டே பேர்: கோந்துவும், கிடார் வாசிக்கும் தாடியும். முதல் பாடகர் கல்யாணம் பண்ணிக்கொண்டு வெளிநாடு போனார். அடுத்தவரிடம், இன்னும் ஒரு வருஷம் இப்படிக் கத்தினால் தொண்டை மொத்தமாகப் போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இப்போது பாடுவது டீச்சர். பகலில் மழலையர் பள்ளியில் குழந்தைகளுக்கு மூக்கைத் துடைத்துவிடுகிற அந்தப் பெண், மைக்கைப் பிடித்தால் முன்வரிசையில் நிற்கிறவனுக்கு அடிவயிறு கலங்கும். இரண்டாவது கிடாருக்கு வந்து போனவர்களை யாரும் எண்ணி வைக்கவில்லை. ஆள் போகும்போதெல்லாம் தாடி, "கலைச்சிடலாம்டா" என்பார். கோந்து மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்று, எங்கிருந்தாவது ஒருவனைப் பிடித்து வந்து ஒட்டிவிடுவார். பேர் அப்படி வந்ததுதான்.

ஆனால் டிரம்ஸ் விஷயத்தில் மட்டும் கோந்துவே கத்தரிக்கோல். மூன்று பேரை அனுப்பியிருக்கிறார். முதலில் இடி, அவருடைய பள்ளிக்கூட சிநேகிதன். அப்புறம் ஒரு வங்கிக்காரர். அப்புறம் பார்சல் அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஒரு பையன்; வேலையே அவனுக்குப் பேராகி, எல்லாருக்கும் அவன் பார்சல்தான். மூன்று பேர் மேலும் ஒரே புகார். "தாளம் நிக்கல. நான் கால வைக்கிற இடத்துல தரை நழுவுது" என்பார் கோந்து. குழு தலையாட்டும். அனுப்புவதற்கும் ஒரு முறை வைத்திருந்தார். போனில் சொல்வது, ஆள்மூலம் சொல்லி அனுப்புவது எல்லாம் கோழைத்தனம் என்பது அவர் கட்சி. சம்பந்தப்பட்டவர் வேலை செய்யும் இடத்துக்கே நேரில் போய், சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டு வருவார். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

இப்போது டிரம்ஸில் நாலாவதாக ஒரு பெண். பல் டாக்டரிடம் உதவியாளராக இருக்கிறாள். அவளுக்கும் தாளம் நிற்கவில்லை என்று கோந்து முடிவு கட்டிவிட்டார். அன்றைய கச்சேரி முடிந்ததும் அவளை அனுப்புவது என்று தாடியிடம் சொல்லியும் விட்டார். தாடி வழக்கம்போலத் தலையாட்டினார்.

அன்று மத்தியானம் ஒலிச் சோதனைக்காக எல்லாரும் அரங்கில் கூடினார்கள். நாற்காலிகளைச் சுவரோரம் அடுக்கி வைத்திருந்தார்கள். கோந்துவின் இடுப்பில் புதிதாக ஒரு டப்பா இருந்தது. ஒயர் இல்லாமல் கிடாரின் சத்தத்தை அனுப்புகிற கருவி. போன கச்சேரியில் மனிதர் ஒயர் தடுக்கிக் குப்புற விழுந்ததைப் பார்த்த மனைவி, கல்யாண நாளுக்கு அதை வாங்கிக் கொடுத்திருந்தாள். மனைவியின் தம்பிதான் குழுவுக்கு சவுண்ட்மேன். அக்கா வாங்கிய பரிசைப் பார்த்ததிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. "அதெல்லாம் நம்ப முடியாது மாமா. பேட்டரி பாதியில போயிடும். பழைய ஒயரே இருக்கட்டும்" என்று நாலு தரம் சொல்லிப் பார்த்தான். கோந்து கேட்கவில்லை.

பாட்டு ஆரம்பித்தது. காலடியில் இருந்த ஸ்பீக்கரில் அவருடைய பேஸ் உறுமியது. இருபது வருஷமாக ஒயர் நீளத்துக்குள்ளேயே கட்டிக் கிடந்த மனுஷன், ஒரு சின்னப் பையனின் ஆசையோடு, வாசித்துக்கொண்டே மேடைப் படியில் இறங்கினார். ஜனங்கள் நிற்கிற இடத்திலிருந்து தன் குழு எப்படி இருக்கிறது என்று கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

அரங்கின் நடுவுக்கு வந்தார். தாடியின் கிடார் கேட்டது. டீச்சர் கேட்டாள். டிரம்ஸ் கேட்டது. தன் விரல்கள் கம்பியில் ஓடுவதைக் குனிந்து பார்த்தார். ஓடிக்கொண்டுதான் இருந்தன. சத்தம் மட்டும் இல்லை.

பேட்டரி போய்விட்டது என்றுதான் முதலில் நினைத்தார். மச்சினன் சொன்னது சரிதான் என்றுகூட நினைத்தார். ஆனால் டப்பாவில் பச்சை விளக்கு எரிந்தது. மேடையில் அவருடைய காலடி ஸ்பீக்கரும் ஆளில்லாத இடத்தைப் பார்த்து உறுமிக்கொண்டுதான் இருந்தது. வாசிப்பதை நிறுத்தாமலே அரங்கின் கோடியில் இருந்த, குழுவின் ஒலி மிக்சருக்கு நடந்தார். அவர் வருவதைப் பார்த்த மச்சினன் முகத்தில் ஈயாடவில்லை.

மிக்சரில் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் ஒரு குமிழ். மேலே தள்ளினால் அதன் சத்தம் ஜனங்களுக்குப் போகும், கீழே இழுத்தால் போகாது. ஒவ்வொன்றின் அடியிலும் பெயர் எழுதியிருந்தது. 'கோந்து' என்று எழுதிய குமிழ் அடிமட்டத்தில் கிடந்தது. கை தவறிக்கூட மேலே போகாதபடி அதன் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டியிருந்தது. டேப்பின் ஓரம் பழுத்து மஞ்சளாகியிருந்தது.

"மாப்ளே, என் சத்தம் எங்கடா?"

"எது மாமா?"

"எதுவா? காது குத்துறியா எனக்கு?"

டேப்பைப் பிய்த்தார். குமிழை ஒரேயடியாக மேலே தள்ளினார். தள்ளிவிட்டுத் திரும்ப வாசித்தார்.

அரங்கு முழுக்க அவர் கேட்டார். ஐயோ, கேட்டாரே. நன்றாக ஓடிக்கொண்டிருந்த பாட்டு அந்த நொடியே சேற்றில் இறங்கிய வண்டி போலாகிவிட்டது. டிரம்ஸ் ஓரிடத்தில் விழுந்தது, பேஸ் அதற்கு ஒரு இழை பிந்தி விழுந்தது. அடுத்த அடியிலும் பிந்தியது. அதற்கடுத்ததிலும் பிந்தியது. மேடை மேல் இருந்தவரைக்கும், காலடி ஸ்பீக்கரின் உறுமலுக்குள் நின்றுகொண்டு, பிந்துவது டிரம்ஸ்தான் என்று அவர் சத்தியம் பண்ணியிருப்பார். இங்கே பெரிய ஸ்பீக்கர்களுக்கு முன்னால் நின்று கேட்டால் குழந்தைக்குக்கூடத் தெரியும்.

"தூரத்துனால. இங்க வர்றதுக்குள்ள சத்தம் லேட்டாகுது" என்றார் கோந்து. சொல்லும்போதே குரல் இறங்கிப்போனது.

மச்சினன் மென்று முழுங்கினான். "டிரம்ஸும் அதே ஸ்பீக்கர்லேர்ந்துதான் மாமா வருது. நீங்க மேடையில நின்னு வாசிச்சாலும் இப்படித்தான்."

வீட்டில் டிவி சத்தத்தைக் குறையுங்கள் என்று மனைவி கத்துவது கோந்துவுக்கு ஞாபகம் வந்தது. டிவி பழசு என்றுதான் இத்தனை நாளும் அவர் சொல்லிவந்தார். லிஃப்ட் வந்து நின்றதும் அடிக்கும் மெல்லிய மணியை அவர் தன் காதால் கேட்டு எத்தனை காலமாயிற்று? கூட வேலை செய்கிறவர் "அடிக்குது" என்பார், இவர் சரி என்று அடுத்த வேலைக்குப் போய்விடுவார். மேடையில் டிரம்ஸின் கணீரென்ற சத்தம் காதில் விழாமல், கால்வழியாக வரும் அதிர்வை வைத்துக்கொண்டு இத்தனை நாள் அவர் தாளம் போட்டிருக்கிறார். அதிர்வு காலில் ஏறி, மூளைக்குப் போய், விரலுக்கு வருவதற்குள் பாட்டு ஒரு எட்டு முன்னால் போயிருக்கும்.

மேடையில் வாசிப்பு நின்றுவிட்டது. தாடி இறங்கி வந்தார்.

"எவ்வளவு நாளா இது?" என்று கேட்டார் கோந்து.

மச்சினன்தான் சொன்னான். "பார்சல் இருந்தப்பவே மாமா."

கோந்து தாடியின் பக்கம் திரும்பினார். "பார்சல நான் போய் அனுப்பினப்போ உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"தப்பு என் மேலன்னு தெரியும்."

"தெரியும்டா."

"தெரிஞ்சுமா தலையாட்டினே?"

தாடி பூசி மெழுகவில்லை. அந்த மட்டில் அவரைப் பாராட்ட வேண்டும். "பார்சல் போனா இன்னொரு பார்சல் கிடைப்பான். நீ போனா குழுவே இல்ல. வண்டி ஓட்டறது நீ, இடம் பேசறது நீ, ஆளு பிடிக்கிறது நீ. உன்கிட்ட போய் உனக்குக் காது போச்சுன்னு யாரு சொல்றது? உன் மச்சினன் என்னைச் சொல்லச் சொன்னான், நான் அதுக்கு வேற ஆளப் பாருன்னுட்டேன். டீச்சரும் மாட்டேன்னுட்டா."

காது போனதுகூட கோந்துவுக்கு அப்போது பெரிதாகப் படவில்லை. ஒரு பையனின் முன்னால் போய் நின்று, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, உனக்குத் தாளம் வராது என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். அவருக்குப் பின்னால் இத்தனை பேர் உண்மை தெரிந்தும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றிருக்கிறார்கள். மச்சினனும் நின்றிருக்கிறான். அவனை அவர் சொந்தத் தம்பி மாதிரி நினைத்திருந்தார்.

டிரம்ஸுக்குப் பின்னால் அந்தப் பெண் குச்சிகளை மடியில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். கோந்து மேடையேறி அவள் முன்னால் போய் நின்றார்.

"அண்ணா, இன்னைக்கு என்னை அனுப்பத்தானே இருந்தீங்க?" என்றாள் அவள்.

"ஆமாம்மா. உனக்கு யாரு சொன்னா?"

"நான் சேர்ந்த அன்னைக்கே சொல்லிட்டாங்க. ஒருநாள் உன் வேலை இடத்துக்கு வந்து நிப்பாரு, ஒண்ணும் பேசாம சரின்னுடு, மனசுல வச்சுக்காதேன்னு."

கோந்துவுக்குச் சிரிப்பு வருகிற மாதிரி இருந்தது, வரவில்லை. "நீ இரு. நான்தான் போறேன்."

"அப்ப இன்னைக்கு பேஸ் யாரு வாசிப்பாங்க?"

"இத்தனை நாளா யாரும்மா வாசிச்சா?"

கிடாரைக் கழற்றிப் பெட்டியில் வைத்தார். டீச்சர் வந்து கையைப் பிடித்தாள். அவர் உதறவில்லை. கச்சேரி ஆரம்பித்தபோது ஜனங்களோடு ஜனமாகச் சுவரோரம் நின்று கேட்டார். தான் இல்லாத இடத்தில் ஓர் ஓட்டை தெரியும் என்று முதல் பாட்டு முழுக்கக் காத்திருந்தார். தெரியவில்லை. இரண்டாவது பாட்டிலும் தெரியவில்லை. குழு பிரமாதமாக இருந்தது. தான் வளர்த்த குழு இவ்வளவு நன்றாக இருக்கிறது என்பதே அவருக்கு இன்றைக்குத்தான் தெரியும். அதை அவரால் தாங்க முடியவில்லை. பாதியிலேயே வெளியே வந்து வண்டிக்குள் உட்கார்ந்துகொண்டார்.

திங்கட்கிழமை வேலைக்கு லீவு சொல்லிவிட்டு நேராகப் பார்சல் அலுவலகத்துக்குப் போனார். வங்கிக்காரர் எங்கேயோ மாற்றலாகிப் போய்விட்டார். இடியை அனுப்பியபோது தன் காது எப்படி இருந்தது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. பார்சல் விஷயத்தில் சந்தேகமே இல்லை. அவனிடம் உண்மையைச் சொல்லித் திரும்பக் கூட்டி வருவது, இந்தக் குழு இல்லாவிட்டால் வேறு குழுவில் சேர்த்துவிடுவது. அதுதான் திட்டம்.

கவுண்டருக்குப் பின்னால் பார்சல் ஓர் அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தான். கோந்துவைப் பார்த்ததும் எழுந்தே நின்றுவிட்டான்.

"அண்ணே, வாங்கண்ணே. பார்சலா?"

"பார்சல் இல்லப்பா. உன்னைத்தான் பாக்க வந்தேன்."

சொன்னார். ஒன்றையும் மறைக்கவில்லை. தன் காது, அடியில் கிடந்த குமிழ், தாடி தலையாட்டியது எல்லாம் சொன்னார். "லேட்டானது நீ இல்ல. நான். நீ சரியாத்தான் வாசிச்சே."

பார்சல் பொறுமையாகக் கேட்டுக்கொண்டான். அவன் முகத்தில் கோபம் வரும், குறைந்தபட்சம் அழுகையாவது வரும் என்று கோந்து எதிர்பார்த்திருந்தார். அவன் லேசாகச் சிரித்தான்.

"என் மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு சொல்றீங்கண்ணே. எனக்குத் தெரியாதா? நீங்க அன்னைக்கு வந்து நேரா சொன்னதுக்கு நான் நன்றிதான் சொல்லணும். எனக்குத் தாளம் வராதுண்ணே. அன்னைக்கு ராத்திரியே வீட்ல உக்காந்து வாசிச்சுப் பாத்தேன், நீங்க சொன்னது புரிஞ்சுது. அப்புறம் தொடவே இல்ல. டிரம்ஸை ஒரு பள்ளிக்கூடத்துக்குக் குடுத்துட்டேன்."

"டேய், நான் சொல்றது உண்மைடா."

"நீங்களே கேளுங்கண்ணே."

மேஜையிலிருந்து இரண்டு பேனாக்களை எடுத்தான். கவுண்டர் பலகையில் தட்ட ஆரம்பித்தான். அவர்களுடைய பழைய பாட்டுத்தான். கைகள் வேகம் பிடித்தன. வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"பாருங்க, நாலாவது அடி இழுக்குதில்ல? இந்தா... இந்தா... கேக்குதா?"

கோந்து கவுண்டர் மேல் குனிந்தார். காதைப் பலகைக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். பேனாக்கள் மேலும் கீழும் போவது தெரிந்தது. சத்தம் தூரத்திலிருந்து வந்தது, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு மங்கலாக வந்தது. நாலாவது அடி எங்கே விழுகிறது என்றே அவருக்குப் பிடிபடவில்லை. இழுக்கிறதா, இல்லையா? சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட வாய் வரை வந்தது. ஆனால் இதே பையனிடம், இதே இடத்தில் நின்றுகொண்டு, தனக்குக் கேட்காத ஒன்றை அவர் ஏற்கெனவே ஒருமுறை அடித்துச் சொல்லியிருக்கிறார். இன்னொரு தரம் அதைச் செய்ய அவரால் முடியவில்லை.

"எனக்குத் தெரியலப்பா" என்றார்.

பார்சல் தட்டுவதை நிறுத்தினான். அவர் தன்னைப் புண்படுத்தாமல் சொல்லப் பார்க்கிறார் என்று அவனுக்குப் புரிந்துவிட்டது.

"பரவால்லண்ணே" என்று பேனாக்களை வைத்துவிட்டு, அடுத்து நின்றவரைக் கூப்பிட்டான்.