இன்றைக்கு எது முதலில், த்ராயங்கா?

த்ராயங்காவைப் பற்றி யாராவது கேட்டால் எனக்குக் கோபம்தான் வரும். அவள் மேல் இல்லை, அவளை அலைக்கழித்தவர்கள் மேல். ஷ்டிப் ஊரில் கோட்டும் சட்டையும் தைக்கிற எங்கள் கம்பெனியில் மூன்றாம் லைனுக்கு அவள் சூப்பர்வைசர். இருபத்திரண்டு மெஷின். அதில் ஒன்று என்னுடையது, இன்னொன்று அவள் மகள் எலிட்சாவுடையது.

எது அவசரமோ அந்தத் துணிக்கட்டின் மேல் சிவப்பு நாடா கட்டுவது எங்கள் கம்பெனி வழக்கம். காலையில் நாடா கறுப்புக் கோட்டில் இருக்கும். பத்து மணிக்கு ஆர்டர் கொடுத்த இத்தாலிக்காரர்களின் போன் வரும், நாடா வெள்ளைச் சட்டைக்கு மாறிவிடும். எல்லா மெஷினிலும் கறுப்பு நூலைக் கழற்றி வெள்ளை நூல் கோக்க வேண்டும். கோத்து முடிப்பதற்குள் மறுபடி போன். சில நாள் எல்லாக் கட்டுகளிலுமே சிவப்பு நாடா தொங்கும்.

"எல்லாமே முதல்னா ரெண்டாவது எதுடி?" என்பேன்.

"உன் வாய்தான், ராட்கா. மூடிட்டுத் தை" என்பாள்.

நிறுத்திய இடத்தைச் சாக்பீஸால் துணியிலேயே குறித்துவைக்கச் சொன்னது அவள்தான். எங்களுக்குப் பைத்தியம் பிடிக்காமல் இருந்தது அதனால்தான்.

ஆகஸ்டில் அவள் புருஷன் மிலே மாரடைப்பில் போய்விட்டான். கல்லறையில் செய்கிற நாற்பதாம் நாள் ஜெபம் திங்கட்கிழமையில் விழுந்தது, வார நாளில் லீவு கேட்கவே முடியாது. நாற்பதை முன்னால் கொண்டுவரலாம், பின்னால் தள்ளக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை பாதிரியார் அதைச் செய்ய மாட்டார். ஆக, சனிக்கிழமை காலையில் அவள் கல்லறையில் நின்றாக வேண்டும்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள கோட்டு முடிஞ்சா சனிக்கிழமை உங்க லைனுக்கு லீவு" என்று மேனேஜர் ஸ்லாவ்சோ வாக்குக் கொடுத்தான். பிறகென்ன, வெறி பிடித்த மாதிரி தைத்தோம். சாப்பாட்டு நேரத்தை விட்டோம், மூத்திரத்தை அடக்கினோம். வெள்ளி நாலு மணிக்கே கடைசிக் கோட்டு பெட்டிக்குள் போய்விட்டது.

அங்கேதான் தப்புப் பண்ணினோம். மற்ற லைன்களெல்லாம் திணறிக்கொண்டிருக்க, எங்கள் லைன் மட்டும் காலி. நாலரைக்கு ஸ்லாவ்சோ வந்து நின்றான், கையில் சிவப்பு நாடா.

"அக்கா, அஞ்சாம் லைனோட சட்டை நம்மகிட்ட வந்திருக்கு. நாளைக்கு மதியம் வண்டி."

"நாளைக்கு மிலேவோட நாற்பது, ஸ்லாவ்சோ."

"தெரியும்க்கா. என் புள்ளைங்க மேல சத்தியமா, நான் கேட்டு வாங்கல. வண்டி போகலைன்னா ஆர்டர் அல்பேனியாவுக்குப் போயிடும்கறாங்க. அப்புறம் இந்த மாசத்தோட முடியற கான்ட்ராக்டை யாரு புதுப்பிப்பா?"

அந்த மாதத்தோடு முடிகிறவற்றில் எலிட்சாவினுடையதும் ஒன்று. அவன் பெயரைச் சொல்லவில்லை, பாவி. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

"ரெண்டு பேரையும் இங்க பிடிச்சு வைக்காதே. பொண்ணையாவது விடு" என்றாள் த்ராயங்கா.

"சரிக்கா, ஒருத்தர் போகட்டும்."

"நீ போடி! உன் புருஷன்டி!" என்று கத்தினேன்.

"சூப்பர்வைசர் இல்லாம லைன் திறப்பாங்களா? நான் போனா எலிட்சா பேரைத்தான் வெட்டுவாங்க."

சனிக்கிழமை, செத்தவர் பேரில் கொடுப்பதற்காகச் சர்க்கரையும் வால்நட்டும் சேர்த்து வேகவைத்த கோதுமையில் பாதியை மகளிடம் கல்லறைக்குக் கொடுத்தனுப்பிவிட்டு, மீதியைக் கம்பெனிக்குக் கொண்டுவந்தாள். பத்து மணி இடைவேளையில் மெஷின் மெஷினாக வந்து ஆளுக்கு ஒரு கரண்டி கொடுத்தாள். "கடவுள் மிலேவை மன்னிக்கட்டும்" என்று சொல்லிச் சாப்பிட்டோம். துணி இருக்கிற இடத்தில் நெருப்பு ஆகாது. அதனால் மெழுகுவத்தியைக் கொளுத்தாமலே ஒரு நூல்கண்டில் குத்தி வைத்திருந்தாள்.

ஸ்லாவ்சோவும் வந்தான். சிலுவை போட்டுக்கொண்டு ஒரு கரண்டி வாங்கினான். "கடவுள் மிலேவை மன்னிக்கட்டும்" என்றான். மென்றுகொண்டே, "அக்கா, சட்டையை நிறுத்திடுங்க. இப்பதான் போன் வந்துது. சட்டை வண்டி புதன்கிழமைதானாம். பெட்டியைப் பிரிச்சு நேத்துக் கோட்டுக்குக் காலர் மாத்தணுமாம். அதுதான் முதல்ல" என்றான்.

"அப்போ நான் கிளம்பட்டுமா?"

"பதினொண்ணுக்கு இத்தாலிக்காரங்க வீடியோவில லைனைப் பார்க்கறாங்கக்கா." அவன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

அப்போது அவள் போன் அடித்தது. பக்கத்தில் இருந்ததால் எலிட்சாவின் குரல் எனக்கும் கேட்டது. "அம்மா, இன்னும் கொஞ்ச நேரம் காத்திருக்கவான்னு பாதிரியார் கேக்கறார். வர்றியாம்மா?"

"வேணாம். தொடங்கச் சொல்லு."

போனைப் பையில் போட்டுவிட்டு எங்களைப் பார்த்தாள். "கறுப்பு நூலுக்கு மாத்துங்க" என்றாள்.

எலிட்சா போக இருபத்தொரு பேர் இருந்தோம். ஒருத்தியாவது எழுந்து நின்று, முடியாது என்று சொல்லியிருக்கலாம். எல்லாரும் நூலை மாற்றினோம்.