மூக்கர் வீட்டில் இருந்த பதினேழு நாட்கள்

சலவைக்கடையில் அவரை எல்லோரும் மூக்கர் என்றுதான் கூப்பிடுவார்கள். கேலிக்கு வைத்த பெயர் என்று நினைத்துவிடாதீர்கள், மரியாதைக்கு வைத்தது. முப்பத்தொரு வருஷமாகக் கறை மேசை அவருடையது. சும்மா அழுக்கான துணியெல்லாம் நேராக மெஷினுக்குப் போய்விடும். கறைபட்டது மட்டும் அவர் மேசைக்கு வரும். வரும்போதே ஊக்கு குத்தி ஒரு சீட்டு தொங்கும். கவுன்ட்டரில் துணியைக் கொடுத்தவர் என்ன கறை என்று சொன்னாரோ, அது அந்தச் சீட்டில் இருக்கும்.

மூக்கர் அந்தச் சீட்டைப் படிக்கவே மாட்டார். "மத்த விஷயத்துல எப்படியோ, கறைன்னு வந்துட்டா ஜனங்க கூசாம பொய் சொல்லுவாங்க. எதைக் கொட்டினாலும் டீன்னுதான் சொல்லுவாங்க" என்பார். துணியை மூக்கருகே கொண்டுபோய் ஒரே ஒரு இழுப்பு. முட்டை என்றால் முட்டை, மை என்றால் மை. அதில் தப்பு வந்தால் துணி காலி. மைக்கு ஸ்பிரிட் வேண்டும், டீக்கு வினிகரும் வெந்நீரும் வேண்டும், முட்டைக்கு மட்டும் சூடே ஆகாது. ஆக, அந்த வீட்டுக்கு இத்தனை வருஷமும் சோறு போட்டது அந்த மூக்குதான்.

அந்த மூக்குதான் இப்போது இரண்டு பக்கமும் அடைக்கப்பட்டு, கீழே வெள்ளைத் துணியில் ஒரு மீசைக்கட்டோடு, மூன்று தலையணை உயரத்தில் சாய்ந்து கிடந்தது.

சைனஸ் அறுவை சிகிச்சை. உள்ளே சதை வளர்ந்து வழியெல்லாம் அடைத்துப்போயிருந்ததாம். "மூச்சு நல்லா வரும், அதுக்கு நான் பொறுப்பு. வாசனைக்கு என்னால உறுதி சொல்ல முடியாது. வந்தா வரும்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். வந்தா வரும்! பஸ்ஸைப் பற்றிச் சொல்கிற மாதிரி சொன்னாரே மனுஷன் என்று மூக்கருக்கு இன்னமும் ஆறவில்லை.

விஷயம் என்னவென்றால், வாசனை போய் எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. ஒரே நாளில் போகவில்லை. ஒரு சளி பிடித்தது, விட்டது, மறுபடி பிடித்தது. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டு போய், கடைசியில் சுத்தமாகத் துடைத்துவிட்டது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. மூக்கருக்கு மூக்கு வேலை செய்யவில்லை என்று எந்த வாயால் சொல்வது? கட்டின பெண்டாட்டியிடம்கூட மூச்சு விடவில்லை. அவள் அதே கடையில்தான் கவுன்ட்டரில் உட்கார்ந்து துணி வாங்குகிறவள். வீட்டில் அவள் பாத்திரத்தின் மூடியைத் திறந்தால், அதைக் கண்ணால் பார்த்துவிட்டு, "அடடா, வாசனை ஆளைத் தூக்குதே!" என்பார். அவள் அவர் முகத்தையே ஒரு நிமிஷம் பார்ப்பாள். பிறகு பரிமாறுவாள்.

அப்படியானால் கறை மேசையில் எப்படிக் காலம் தள்ளினார் என்று கேட்பீர்கள். வேறு வழியில்லாமல் சீட்டைப் படிக்க ஆரம்பித்தார். துணியை மூக்குக்குக் கொண்டுபோவது போலக் கொண்டுபோய், ஓரக்கண்ணால் சீட்டைப் பார்த்துக்கொள்வார். ஆச்சரியம் பாருங்கள், சீட்டில் இருந்ததெல்லாம் உண்மையாக இருந்தது! ‘பால்’ என்றால் பால்தான். ‘டீ என்கிறார், சாஸ் மாதிரி இருக்கிறது’ என்றுகூட ஒன்று வந்தது. முன்பெல்லாம் அப்படிப் பொய் சொன்ன ஜனங்கள் இப்படித் திருந்திவிட்டார்களே, காலம் மாறித்தான் போச்சு என்று மூக்கர் மனதார நம்பினார். சிரிக்காதீர்கள். தனக்குச் சாதகமாக ஒன்று நடக்கும்போது ஏன் என்று நோண்டிப் பார்க்கிறவர் உலகத்தில் எத்தனை பேர்?

குட்டு உடைந்தது ஒரு வெள்ளைக் கோட்டில். அன்றைக்கு மனைவிக்குக் காய்ச்சல். கவுன்ட்டரில் முதலாளியே உட்கார்ந்து சீட்டு எழுதினார். கோட்டில் ‘டீ’ என்று இருந்தது. மூக்கர் ஆவியைத் திறந்துவிட்டார். கறை போகவில்லை, வெந்தது. அது முட்டை.

"கோட்டுலயே ஆம்லெட் போட்டு வச்சிருக்கீங்களே!" என்று முதலாளி கத்தினார். ‘நீங்கதான்யா டீன்னு எழுதினீங்க’ என்று திருப்பிக் கேட்க மூக்கருக்கு நாக்குத் துடித்தது. எப்படிக் கேட்பது? சீட்டையே படிப்பதில்லை என்று முப்பது வருஷமாக மார்தட்டினவர் அல்லவா. முதலாளி கெட்டவர் இல்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கூப்பிட்டு, "மூக்கை நல்ல டாக்டர்கிட்ட காட்டுங்க. மூணு வாரம் லீவு எடுத்துக்கங்க. சரியானா உங்க மேசைக்கு வாங்க. இல்லைன்னா இஸ்திரிப் பக்கம் ஏதாவது பார்த்துக்கலாம்" என்றார். அந்த ‘ஏதாவது’தான் மூக்கரைக் குத்தியது.

வீட்டில் மனைவியின் ஆட்சி. குனியக் கூடாது, பளு தூக்கக் கூடாது, மூக்கைச் சிந்தவே கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். அவர் முகம் தும்மலுக்குத் தயாரானாலே சமையலறையிலிருந்து குரல் வந்துவிடும்: "வாயைத் திறங்க! வாயை!" இவளுக்கு முதுகிலும் கண் இருக்கிறதா என்று அவருக்குச் சந்தேகம்.

மூன்றாம் நாளே அடைப்புப் பஞ்சை எடுத்துவிட்டார்கள். அதிலிருந்து காலையில் கொதித்து ஆறிய தண்ணீரில் உப்புப் பொடி கலந்து கொடுத்துவிட்டு வேலைக்குப் போவாள். சாயங்காலம் வந்ததும் அவரைத் தொட்டிக்கு முன்னால் நிறுத்தி, நெற்றியை ஒரு கையால் தாங்கிப் பிடித்து, பிளாஸ்டிக் புட்டியால் மூக்கைக் கழுவுவாள். ஒரு துவாரத்தில் விட்டால் மறு துவாரத்தில் வரும். முதல் வாரம் வந்ததைப் பற்றி இங்கே எழுத வேண்டாம்.

"நான் என்ன குழந்தையா, நானே பண்ணிக்கிறேன்" என்பார்.

"குழந்தைன்னா சொன்ன பேச்சைக் கேட்கும். தலையைச் சாயுங்க."

தலையைச் சாய்த்தபடியே, தினமும் ஒரே கேள்வியைக் கேட்பார். "என் மேசையில இப்ப யாரு?"

"ஆள் இருக்கு."

"புது ஆளா?"

"வாயை மூடினீங்கன்னா தண்ணி உள்ள போகாது."

அதற்கு மேல் ஒரு வார்த்தை பெயராது. புது ஆள்தான், சந்தேகமே இல்லை என்று அவர் முடிவு கட்டிக்கொண்டார். நல்ல மூக்கோடு எவனோ ஒருவன், அவர் தேய்த்துத் தேய்த்துப் பள்ளமாக்கின நாற்காலியில் சொகுசாக உட்கார்ந்திருக்கிறான். அந்த முகம் தெரியாத ஆள்மேல் பகல் முழுக்க வயிறு எரிந்தது.

பகல் நீளமாக இருந்தது. படிக்கக் கண் வலிக்கும், டிவி பார்க்கத் தலை வலிக்கும். அதனால் சாய்ந்த வாக்கிலேயே பழைய வாசனைகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்ப்பார். கல்யாணமான புதிதில் ரொட்டிக்கடைக்கு மேல் ஒற்றை அறையில் குடியிருந்தார்கள். விடிவதற்குள் தரை வழியாக ரொட்டி வாசனை ஏறி வந்து போர்வையெல்லாம் நிறைந்துவிடும். வாங்கக் காசில்லாத நாட்களில், "வாசனை இலவசம்தானே, நல்லா இழுத்துக்க" என்பார். அவளும் சிரித்துக்கொண்டே இழுப்பாள். மகள் பள்ளிக்கூடம் போன முதல் நாள் அவள் பையில் இருந்த புது ரப்பர் வாசனை. மழையில் நனைந்த கம்பளிக் கோட்டுகள் கடையில் வரிசையாகத் தொங்கும்போது வரும் அந்த ஆட்டுமந்தை வாசனை. எல்லாம் பெயராக ஞாபகம் இருந்தது. வாசனையாக ஒன்றும் வரவில்லை.

மூன்று வருஷத்துக்கு முன் பேத்தியைக் கையில் வாங்கினபோதுதான் அவர் உண்மையிலேயே உடைந்துபோனார். உச்சந்தலையை முகர்ந்தார். சுவரை முகர்ந்த மாதிரி இருந்தது. "ஆகா, என்ன வாசனை!" என்றார். மகள் பூரித்துப்போனாள்.

அதிகமாக நினைத்துக்கொண்டது மனைவியை முதன்முதலாகப் பார்த்த நாளைத்தான். அப்போது கறை மேசைக்கு வந்து அவருக்கு ஆறு மாதம். அவள் தன் அப்பாவின் சட்டையோடு வந்தாள். தோள்பட்டையில் எண்ணெய்க் கறை. "என்ன கறைன்னு தெரியல" என்றாள். இவர் சட்டையை வாங்கி ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, பெரிய மேதை மாதிரி கண்ணை மூடிக்கொண்டு, "கிராம்புத் தைலம். உங்க வீட்ல யாருக்கோ பல்வலி" என்றார். கண்ணைத் திறந்து பார்த்தார். எதிரே நிற்கிறவளின் ஒரு கன்னம் பன் மாதிரி வீங்கியிருந்தது. முந்தின நாள் பஸ்ஸில் வலி தாங்காமல், தைலம் தடவின கன்னத்தோடு அப்பா தோளில் சாய்ந்துகொண்டே போயிருக்கிறாள்.

"உங்களுக்கு மூக்கு மட்டும்தான் வேலை செய்யுமா? கண்ணு தெரியாதா?" என்று கேட்டாள். வீங்கின கன்னத்தோடு சிரிக்க முடியாமல் சிரித்தாள். அவ்வளவுதான், ஆள் விழுந்துவிட்டார்.

எட்டாம் நாள் டாக்டர், புண் ஆறும் வரை மூக்குக்குள் தாங்கலாக வைத்திருந்த பிளாஸ்டிக் தகடுகளை உருவினார். காற்று ஜில்லென்று மூளை வரைக்கும் போனது. இத்தனை காற்றை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று திகைக்கிற அளவுக்கு மூச்சு வந்தது. வாசனை வரவில்லை. வீட்டுக்கு வந்து சோப்பை முகர்ந்தார், காபிப் பொடியை முகர்ந்தார், மண்ணெண்ணெய் டின்னைத் திறந்து முகர்ந்தார். பதினைந்தாம் நாள் கட்டிலில் உட்கார்ந்து தன் காலுறையையே முகர்ந்துகொண்டிருந்தபோது மனைவி உள்ளே வந்துவிட்டாள்.

"அது வராம இருக்கறதுக்கு நான் தினம் வேண்டிக்கிறேன்" என்றாள்.

அவர் சிரிக்கவில்லை. "வராதும்மா. எனக்குத் தெரிஞ்சு போச்சு. திங்கக்கிழமை இஸ்திரிப் பக்கம்தான்" என்றார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து காலுறையை அவர் கையிலிருந்து மெல்ல வாங்கி மடித்து வைத்தாள். அன்றைக்குத்தான் அவளும் முதல் தடவையாகப் பயந்தாள்.

பதினேழாம் நாள் சாயங்காலம் சரியான மழை. கடையில் தண்ணீர் வரவில்லையாம், பஸ்ஸும் தாமதமாம். நனைந்துகொண்டே வந்தவள் செருப்பைக் கழற்றின கையோடு, "நேரமாச்சு, வாங்க, முதல்ல மூக்கைக் கழுவிடலாம்" என்று அவரைத் தொட்டிக்கு இழுத்துப்போனாள். வழக்கம்போல நெற்றியில் கையை வைத்தாள்.

மூக்குக்குள் சுருக்கென்று ஏதோ குத்தியது.

"உப்பு ஜாஸ்தியா போட்டுட்டியா?" என்றார்.

"இன்னும் தண்ணியே விடலீங்க."

அவர் அசையாமல் நின்றார். மறுபடி மெதுவாக இழுத்தார். பிறகு நெற்றியில் இருந்த அவள் கையைப் பிடித்து மூக்குக்குக் கீழே கொண்டுவந்தார். மழை. அதற்கு அடியில் கறை மேசை அமோனியா. அதற்கும் அடியில், மிக லேசாக, விரல் நுனியில் மட்டும், ஸ்பிரிட். ஒவ்வொன்றாக, எங்கேயோ போய்த் தொலைந்த சொந்தக்காரர்கள் வாசலில் வந்து நிற்பது போல வந்தன.

"பேனா மை" என்றார். "இன்னிக்குப் பேனா மை எடுத்திருக்க."

அவள் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். அவர் விடவில்லை.

"ரெண்டு சட்டை. பாக்கெட்ல" என்றாள் மெதுவாக.

"என் மேசையில உக்காந்திருக்கறது நீயா?"

"வேற ஆள் உக்காந்துட்டா அப்புறம் எழுப்பறது கஷ்டம். நான் பார்த்துக்கறேன்னு முதலாளிகிட்ட சொன்னேன். தினம் கையை நல்லாக் கழுவிட்டுத்தான் வருவேன். இன்னிக்குத் தண்ணி இல்ல."

"கறை உனக்கு எப்படித் தெரியும்? நீ கவுன்ட்டர் ஆளாச்சே."

"மோந்து பார்க்காம சீட்டு எழுத முடியுமா?" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டு, அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

மூக்கர் அவளையே பார்த்தார். பாலென்றால் பால், சாஸென்றால் சாஸ். திருந்திப்போன ஜனங்கள். அத்தனை சீட்டும் அவள் கையெழுத்து. அவர் ஓரக்கண்ணால் பார்த்ததெல்லாம் எழுத்தைத்தான், எழுதினவளைப் பார்க்கவே இல்லை.

"எத்தனை வருஷமா?"

"எட்டு இருக்கும். ஒரு நாள் பால் பொங்கித் தீய்ஞ்சு வீடு முழுக்கப் புகை நாத்தம். நீங்க பக்கத்து ரூம்ல உக்காந்து பேப்பர் படிச்சிட்டிருந்தீங்க. அன்னிக்கே தெரிஞ்சு போச்சு."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொன்னா அன்னிக்கே மேசையை விட்டு எழுந்திருப்பீங்க. உங்க ரோஷம் எனக்குத் தெரியாதா? நீங்களா சொல்லுவீங்கன்னு பார்த்தேன். நீங்க வாசனை தூக்குது, வாசனை தூக்குதுன்னு சொல்லிட்டே இருந்தீங்க."

அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. வெட்கத்துக்கு மேல் வேறு ஒன்றும் பொங்கி வந்தது, அதை அடக்க முடியவில்லை. "மூக்கு போனதுகூடப் பெரிசில்லடி" என்றார். "கண்ணு அன்னைக்கும் தெரியல, இன்னைக்கும் தெரியல எனக்கு." சொல்லும்போதே குரல் உடைந்தது. கண்ணில் வந்தது மூக்கிலும் வந்தது. பழக்க தோஷத்தில் துண்டை எடுத்தார்.

"சிந்தாதீங்க!" என்று அவள் அலறினாள். "சிந்தவே கூடாதுன்னு டாக்டர் சொன்னாரில்ல! அப்படியே விடுங்க, ஒழுகட்டும்!"

கட்டுத் துணியை மடித்து ஒற்றி எடுத்தாள். அவளுக்கும் கண் நிறைந்திருந்தது. அழுகையா சிரிப்பா என்று தெரியாத ஒரு முகத்தோடு, "இருங்க, கையெல்லாம் மருந்து. கழுவிட்டு வந்துடறேன்" என்று திரும்பினாள்.

அவர் அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்து மூக்கருகே வைத்துக்கொண்டார்.

"அப்புறம் கழுவிக்கலாம்" என்றார்.